மூச்சு எண்ணும் நேரம்

ஆஸ்பத்திரியில் இருக்கும்வரை நம் பயத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் உண்டு. கட்டிலின் தலைமாட்டில் மானிட்டர் விடாமல் சத்தம் போட்டுக்கொண்டிருக்கும். பச்சைக் கோடு ஏறி இறங்கும்வரை நமக்கும் மூச்சு சீராக வரும். எண் சற்றே இறங்கினால் நர்ஸ் வந்து, குழந்தையின் விரலில் நழுவிக் கிடக்கும் கிளிப்பைச் சரியாக மாட்டிவிட்டுப் போவார். டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்த முதல் ராத்திரிதான், நிம்மதியை முழுக்க அந்தப் பெட்டியின் கையில் கொடுத்து வைத்திருந்தது தெரியவரும். ஃபேன் சுற்றுகிறது. தெருக்கோடியில் நாய் குரைக்கிறது. பக்கத்தில் படுத்திருக்கும் குழந்தையின் நெஞ்சுக்குள் என்ன நடக்கிறது என்று சொல்ல அறையில் எதுவும் இல்லை.

பெரிய சிகிச்சை முடிந்து திரும்பிய எல்லா வீட்டிலும் இந்த அமைதி வந்து உட்காரும் என்று நினைக்கிறேன். முதலில் அது மிரட்டும். அதனோடு கொஞ்சம் இருந்து பார்க்க வேண்டும்.

என் தம்பி மகளுக்கு நாலு வயது. இதயத்தின் கீழறைகள் இரண்டுக்கும் நடுவே உள்ள சுவரில் பிறவியிலேயே ஓட்டை. அங்கன்வாடிக்குப் பரிசோதனைக்கு வந்த மருத்துவக் குழுவில் ஒரு டாக்டரம்மா, நெஞ்சில் வைத்த ஸ்டெதஸ்கோப்பை வெகுநேரம் எடுக்கவில்லையாம். பிறகு எக்கோ, சென்னை, முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம், ஆபரேஷன் என்று காரியங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தன. நெஞ்செலும்பை நெடுக்காக அறுத்து, இதயத்தைத் திறந்து, ஓட்டையின் மேல் ஒட்டு வைத்துத் தைத்து, எலும்பை மறுபடி மெல்லிய எஃகுக் கம்பியால் கட்டி அனுப்பியிருந்தார்கள். சீர்காழியில் இருக்கும் தம்பி வீட்டுக்கு உதவிக்காகப் போய்த் தங்கினேன். வடக்கே சிதம்பரம், தெற்கே வைத்தீஸ்வரன்கோயில், நடுவில் இந்த ஊர். ஊரின் பெயரைச் சொன்னதுமே, குளக்கரையில் அழுத குழந்தைக்கு உமையம்மை பால் கொடுத்த கதை நினைவுக்கு வரும். குழந்தை அழுதால் தாய் வருவாள் என்பதை ஊர்ப்புராணமாகவே வைத்திருக்கும் இடம்.

இந்த ஓட்டையை மனிதன் மூடக் கற்றுக்கொண்ட கதையை இங்கே சொல்ல வேண்டும். 1954 மார்ச் 26, அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழக மருத்துவமனை. சி. வால்டன் லில்லஹை என்ற அறுவை மருத்துவர் பதின்மூன்று மாத ஆண் குழந்தை ஒன்றின் இதயத்தைத் திறந்தார். இதயத்தைத் திறந்து வைத்திருக்கும் அந்த நேரத்தில் ரத்தத்துக்குப் பிராணவாயு ஏற்றித்தர, நம்பிக் கையில் எடுக்கும்படியான இயந்திரம் அப்போது அமையவில்லை. அதனால் குழந்தையின் தகப்பனாரைப் பக்கத்து மேஜையில் படுக்க வைத்தார். இருவரின் ரத்தக் குழாய்களையும் ரப்பர் குழாயால் இணைத்தார்கள். குழந்தையின் ரத்தம் தகப்பனாரின் உடம்புக்குள் போய், அவர் நுரையீரலில் பிராணவாயு ஏற்றுக்கொண்டு, குழந்தைக்குத் திரும்பி வந்தது. ஒரே ஆபரேஷனில் இருநூறு சதவீதம் சாவு நேரக்கூடிய சிகிச்சை உலகத்திலேயே இது ஒன்றுதான் என்று மற்ற மருத்துவர்கள் கசப்போடு சொன்னார்களாம். மறு வருடம் வரை இந்த முறையில் 45 பேருக்கு ஆபரேஷன் நடந்தது. பெரும்பாலும் பெற்றவர்களில் ஒருவர்தான் பக்கத்தில் படுத்தார். 28 பேர் பிழைத்து வீட்டுக்குப் போனார்கள்.

முதல் குழந்தை அந்த 28-இல் இல்லை. ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. ஓட்டை மூடியது மூடியபடிதான் இருந்தது. பதினோராம் நாள் நிமோனியா வந்து குழந்தை போய்விட்டது. மேஜையில் நடக்கும் காரியத்தைப் போலவே அதற்குப் பின்னால் வரும் நாட்களும் உயிரைத் தாங்கும் நாட்கள்தான் என்பதை மருத்துவம் அன்றே பார்த்துவிட்டது.

பிறகு இயந்திரம் வந்தது. இப்போது எந்தத் தகப்பனும் குழந்தையின் பக்கத்தில் குழாய் மாட்டிக்கொண்டு படுக்க வேண்டியதில்லை. கதவுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து காத்திருந்தால் போதும். ஆனால் வீட்டுக்கு வந்த ராத்திரி, குழந்தையின் பாயை ஒட்டித் தன் பாயை இழுத்துப் போட்டுக்கொண்டு படுத்த தம்பி மனைவியைப் பார்த்தபோது, எனக்கு அந்தப் பக்கத்து மேஜை ஞாபகம் வந்தது. குழாய் மட்டும்தான் இல்லை.

டிஸ்சார்ஜ் தாளோடு டாக்டர் ஒரு வேலை சொல்லி அனுப்பியிருந்தார். குழந்தை அயர்ந்து தூங்கும்போது, சட்டையைக் கொஞ்சம் உயர்த்தி, வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்து ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ண வேண்டும். கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்குவது கூடாது. குழந்தைகளின் மூச்சு ஒரே சீராக வராது. சில நொடி வேகமாக ஓடும், சில நொடி நிற்பதுபோல் நிற்கும், அதனால் முழு நிமிடம். இந்த வயதில் தூக்கத்தில் இருபது, இருபத்தைந்து, முப்பதுக்குள் இருக்கும். நாற்பதைத் தொட்டாலோ, மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே தோல் உள்வாங்கினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் கிளம்ப வேண்டும்.

நான் சில ராத்திரி எண்ணினேன். தியானம் பழகுபவர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பதும் இதைத்தான்: உன் மூச்சைக் கவனி, எண்ணு. பல வருடமாக உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஐந்தாவது மூச்சில் மனம் கரண்ட் பில்லுக்குப் போய்விடும். இழுத்து வந்தால் மறுபடி மூன்றில் வேறு எங்கோ போகும். குழந்தையின் மூச்சை எண்ணும்போது அது எங்கும் போகவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று. சின்ன வயிறு மேலே வருகிறது, இறங்குகிறது. பதினேழில் ஒரு பெருமூச்சு. பதினெட்டு வரத் தாமதமாகிறது. அந்தத் தாமதத்துக்குள் என் மூச்சும் நின்றுகொண்டு காத்திருக்கிறது. வந்துவிட்டது, பதினெட்டு. நிமிடம் முடியும்போது இருபத்தி நாலு. நான் என்ற ஆளே அங்கே இல்லாமல் ஒரு நிமிடம் போயிருந்தது. மனத்தை அடக்க முடியவில்லை என்று இத்தனை காலம் குறைப்பட்டுக்கொண்டிருந்தோமே, அதற்குப் பிரியமான இடத்தைக் காட்டினால் தானே உட்கார்ந்துகொள்கிறது என்று தோன்றியது.

சிதம்பரத்தில் பொன்னம்பலத்தின் கூரையில் 21,600 பொன் ஓடுகள் என்பது மரபு. மனிதன் ஒரு நாளில் விடும் மூச்சின் எண்ணிக்கை அது. கணக்குப் போட்டால் நிமிடத்துக்குப் பதினைந்து வருகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்குச் சரியான கணக்கு. நிமிடத்துக்கு இருபத்தைந்து என்று வைத்தால் நாலு வயதுக் குழந்தைக்கு 36,000 ஓடு வேண்டும். சின்ன வீட்டுக்குப் பெரிய கூரை! அந்த 36,000-இல் நாம் எண்ணுவது இருபத்தி நாலு, முப்பது. மீதி எல்லாம் யாரும் எண்ணாமல், யாரும் கேட்காமல் நடக்கிறது. நாம் சமையலறையில் பால் காய்ச்சும்போதும், சோர்ந்து கண்ணயர்ந்துவிட்டபோதும் நடக்கிறது.

எண்ணலாம், ஆனால் ஒரே ஒரு மூச்சைக்கூட அவளுக்காக நாம் இழுத்துக் கொடுக்க முடியாது. முதல் சில ராத்திரி இதை நினைத்தால் வயிறு கலங்கும். பிறகு இதே நினைப்பு பாரத்தை இறக்கி வைத்தது. மூச்சைக் கொடுப்பது என் வேலை என்று இருந்தால் நான் தூங்கவே முடியாது. கொடுக்கிறவர் வேறு. என் வேலை பார்த்துக்கொண்டிருப்பது, தவறினால் ஓடுவது.

எலும்பு கூடுவதும் இப்படித்தான். நெஞ்செலும்பைக் கட்டிய கம்பி எலும்பை ஒட்ட வைப்பதில்லை. இரண்டு பாதியும் அசையாமல் பிடித்துக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான். ஒட்டுவது எலும்பு தானாகச் செய்கிற காரியம். அறுபட்ட விளிம்பில் புதிய உயிரணுக்கள் வந்து, முதலில் நார்போல், பிறகு கெட்டியாக, ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. எந்த டாக்டரும் அதைச் செய்யவில்லை, செய்ததாகச் சொல்லிக்கொள்வதும் இல்லை. கம்பி செய்கிற வேலையைத்தான் வீட்டில் நாமும் செய்கிறோம்: அசையாமல் பிடித்துக்கொண்டு நிற்கிறோம்.

பிடித்துக்கொள்ளவும் ஒரு முறை இருக்கிறது. நாம் எல்லோரும் குழந்தையை அக்குளில் கை கொடுத்துத்தான் தூக்குவோம். நெஞ்சு ஆபரேஷன் ஆன குழந்தையை அப்படித் தூக்கினால் அறுத்த எலும்பு விரியும். ஒரு கை தோளுக்குப் பின்னால், ஒரு கை பிட்டத்துக்குக் கீழே. அள்ளித்தான் எடுக்க வேண்டும், பிறந்த குழந்தையை எடுப்பதுபோல. கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. சட்டை மாட்டும்போது கையைத் தலைக்கு மேல் தூக்க வைக்காமல் முன்பக்கம் பட்டன் வைத்ததாகப் போட வேண்டும். தம்பி ஆபீஸிலிருந்து வந்ததும் அவளைத் தூக்கி மேலே போட்டுப் பிடிப்பவன். இப்போது வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கைகழுவி, அவள் முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்து, இரண்டு கையையும் மெதுவாக அவளுக்குக் கீழே கொடுத்து எழுந்திருப்பான். எழுந்திருக்கும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். திருவிழாவில் சாமி தூக்கும்போது சீர்பாதம் தாங்கிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு அடி எடுத்து வைப்பார்களே, அந்தக் கவனம். இருபத்தெட்டு வயதுப் பையனுக்கு இந்த நிதானத்தை எந்த உபந்நியாசமும் கற்றுக் கொடுத்திருக்காது.

புண் விஷயத்தில் வீட்டில் ஒரு சின்ன வாக்குவாதம் வந்தது. பக்கத்துக் கோயில் என்பதால் ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக வைத்தீஸ்வரன்கோயில் விபூதியும் திருச்சாந்து உருண்டையும் கொண்டுவந்து கொடுத்தார்கள். என் அம்மா திருநீற்றைத் தையல்மேல் பூசப் போனார். தம்பி மனைவி கையைப் பிடித்துக்கொண்டாள். தையல் போட்ட இடத்தில் மருத்துவமனை சொன்னதைத் தவிர எதுவும் படக் கூடாது: மஞ்சளும் வேண்டாம், தேங்காய் எண்ணெயும் வேண்டாம், பவுடரும் வேண்டாம். சுத்தமாக, உலர்ந்தபடி இருந்தால் போதும். சிவந்து தடித்தாலோ, நீர் கசிந்தாலோ, 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் வந்தாலோ டாக்டருக்குப் போன். அம்மா முகம் வாடிப்போனார்.

அப்போது எனக்குத் தையல்நாயகி ஞாபகம் வந்தாள். வைத்தீஸ்வரன்கோயிலில் வைத்தியர் சிவபெருமான். அம்பாள் அவர் கூடவே வருபவள். அவள் கையில் தைலப் பாத்திரம் இருக்கிறது. சஞ்சீவியும் வில்வத்தடி மண்ணும் எடுத்துக்கொண்டு வைத்தியநாதருக்குப் பின்னால் நடந்து வந்தாள் என்பது தலபுராணம். வைத்தியம் பார்க்கிறவரும், மருந்தைச் சுமந்துகொண்டு நோயாளி வீடு வரை நடக்கிறவரும் என்று இரண்டு பேராகத் தெய்வத்தைப் பார்த்திருக்கிறார்கள் நம் பெரியவர்கள். அந்த நடையில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. வைத்தியர் தருவதைச் சிந்தாமல் கொண்டு சேர்ப்பது அவள் பங்கு. தன்னிஷ்டத்துக்குப் பாத்திரத்தில் எதையும் சேர்ப்பதில்லை. அம்மாவிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, திருநீற்றைக் குழந்தையின் நெற்றியில் இட்டார். “அவ வேலைய அவ பாக்கட்டும், நம்ம வேலைய நாம பாப்போம்” என்று மருந்துப் பையை எடுத்து வைத்துக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, எந்த மருந்து எத்தனை மில்லி என்று படிக்க ஆரம்பித்தார்.

அன்றிலிருந்து நீர் பிரியக் கொடுக்கும் மருந்தைக் காலை எட்டு மணிக்கு ஊசியில்லாத சிரிஞ்சில் உறிஞ்சி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கோட்டுக்கு நேராகக் கண்ணை வைத்துப் பார்ப்பார். குமிழி இருந்தால் தட்டிவிட்டு மறுபடி பார்ப்பார். காய்ச்சல் மருந்து குழந்தையின் எடைக்குத் தகுந்த அளவு; அழுகிறாளே என்று ஒரு சொட்டுக் கூடுதலாகக் கிடையாது. பல் துலக்குவதைக்கூட அம்மாதான் எடுத்துக்கொண்டார். ஈறிலிருந்து கிருமி ரத்தத்தில் ஏறினால் இதயத்தில் வைத்த ஒட்டில் போய்த் தங்கிவிடும் ஆபத்து உண்டு என்றும், முதல் ஆறு மாதத்துக்குள் பல் பிடுங்குவது போன்ற வேலை இருந்தால் முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டு ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டும் என்றும் சொல்லியிருந்தார்கள். தினமும் இரண்டு வேளை, கடைவாய்வரை. அர்ச்சனைக்கு நூற்றியெட்டு நாமம் சொல்லும்போது ஒன்றுகூட விட்டுவிடக் கூடாது என்று இருப்பவர், பல் விஷயத்திலும் அப்படியே இருந்தார்.

பார்க்க வருகிறவர்களைத் தடுப்பதுதான் சங்கடமான வேலை. நம் ஊரில் உடம்பு சரியில்லாதவரைப் பார்க்கப் போகாமல் இருப்பது பெரிய குற்றம். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு, கூடவே ஜலதோஷத்தையும் கொண்டுவருவார்கள். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? ஆனால் இதற்கு வழி நம்மிடமே இருந்தது, மறந்துவிட்டோம். அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவார்கள். அதைப் பார்த்ததும் ஊரில் யாரும் உள்ளே வர மாட்டார்கள், கோபித்துக்கொள்ளவும் மாட்டார்கள். வீட்டில் தாளிக்க மாட்டார்கள். உரக்கப் பேசமாட்டார்கள். புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை வராது. குழந்தை உடம்பில் ஆத்தா வந்து இறங்கியிருக்கிறாள் என்று, தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை அந்த வீடே சன்னதியாக இருக்கும். பெரியம்மை உலகை விட்டே ஒழிந்துவிட்டதாக 1980-இல் அறிவித்தார்கள். அதைத் தடுப்பூசிதான் ஒழித்தது, வேப்பிலை இல்லை. அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் நோயுற்ற குழந்தையைச் சாமியாகப் பார்த்து வீட்டின் குரலைத் தாழ்த்திக்கொண்ட அந்தப் பழக்கமும் கூடவே ஒழிந்துபோக வேண்டுமா? தம்பி வாசலில் வேப்பங்கொத்து ஒன்றைக் கட்டினான். தெருவில் பெரியவர்கள் பார்த்தார்கள், புரிந்துகொண்டார்கள். திண்ணையில் பழத்தை வைத்துவிட்டு, ஜன்னல் வழியாக “நல்லா இருக்கியா கண்ணு” என்று கேட்டுவிட்டுப் போனார்கள். சின்ன வயதுக்காரர்களுக்குத்தான் போனில் விளக்க வேண்டியிருந்தது.

கோயிலுக்குப் போகாமல் இருப்பதும் தம்பி மனைவிக்கு உறுத்தியது. மொட்டை போடுவதாக நேர்ந்துகொண்டிருந்தாள், மாவிளக்குப் போடுவதாகவும். எல்லாம் நிற்கிறது. கூட்டத்துக்குள் குழந்தையைக் கொண்டுபோக இன்னும் நாள் இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நேர்த்திக்கடனைத் தள்ளிப் போடலாமா, சாமி குற்றம் ஆகாதா?

திருநின்றவூரில் பூசலார் என்று ஒரு நாயனார் இருந்தார். கோயில் கட்ட ஆசை, கையில் காசு இல்லை. மனத்துக்குள்ளேயே கல் தேடி, தச்சரைத் தேடி, நாள் பார்த்து அடித்தளம் போட்டு, சிகரம் வைத்து, கிணறு தோண்டி, மதில் எழுப்பி, குடமுழுக்குக்கு நாள் குறித்தார். காஞ்சியில் கல்லால் பெரிய கோயில் கட்டி முடித்த பல்லவ மன்னனும் அதே நாளைத்தான் குடமுழுக்குக்குக் குறித்திருந்தான். முதல் நாள் இரவு அவன் கனவில் இறைவன் வந்து, நாளை நின்றவூர்ப் பூசலின் கோயிலுக்குப் போக வேண்டியிருக்கிறது, உன் நாளை மாற்றிக்கொள் என்றார். நின்றவூரில் இன்று இருதயாலீஸ்வரர் என்று கோயில் இருக்கிறது. இதய நோய்க்காரர்கள் போய் வேண்டிக்கொள்ளும் இடம். பூசலார் கதையில் எனக்குப் பிடித்தது, அவர் மனத்திலும் அவசரமாகக் கட்டவில்லை என்பதுதான். நினைத்தவுடன் கோபுரம் நின்றிருக்கலாமே, நினைப்புக்கு என்ன தடை! அவரோ ஒவ்வொரு கல்லாக, முறைப்படி, இரவும் கண் துஞ்சாமல் கட்டினார். தம்பி மனைவியிடம் இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, நீ ராத்திரியில் விழித்திருந்து செய்வதும் அதுதான் என்றேன். நம்பினாளா என்று தெரியாது. மஞ்சள் துணியில் ஒரு ரூபாய் முடிந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். நாள் வரும்போது போய்க்கொள்ளலாம்.

குழந்தைக்குப் புண் ஆறிக்கொண்டு வந்தது, கோபம் ஆறவில்லை. தூக்கத்தில் “ஊசி வேணாம்” என்று அலறினாள். விட்டுப்போயிருந்த பழக்கம் திரும்பி, படுக்கையை நனைத்தாள். அம்மாவைக் கடித்தாள். இதெல்லாம் வரும், சில வாரத்தில் போய்விடும், திட்டாதீர்கள் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். சொல்லியிருந்தும், விடியற்காலை மூன்று மணிக்கு மூன்றாவது தடவை விரிப்பு மாற்றும்போது பொறுமை எங்கிருந்து வரும்? அந்த நேரத்தில் தெய்வ சிந்தனை எல்லாம் வருவதில்லை. ஈரத் துணியை எடுத்து, உலர்ந்த துணியைப் போட வேண்டும். அந்த மாதிரி நேரங்களில் பக்திக்கு வேறு உருவம் கிடையாது என்றே எனக்குப் படுகிறது.

ஒரு மத்தியானம் அவள் தன் யானைப் பொம்மைக்கு நெஞ்சில் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தாள். “வலிக்காது, வலிக்காது” என்று அதனிடம் சொன்னாள். பிறகு கொஞ்சம் நிறுத்தி, அதன் காதருகில் குனிந்து, “கொஞ்சம் வலிக்கும். நான் பக்கத்துலயே இருப்பேன்” என்றாள். ஐ.சி.யூ.வில் இருந்த ஒரு நர்ஸ் அவளிடம் பேசுவது இப்படித்தானாம். வலிக்காது என்று நாம் எல்லோரும் சொன்ன பொய்யில் எதுவும் அவளிடம் தங்கவில்லை. அந்த ஒருத்தி சொன்ன உண்மை தங்கிவிட்டது.

“சாமி இருக்கார், ஏன் பயப்படறே” என்று வருகிறவர்கள் தம்பி மனைவியிடம் சொல்வார்கள். நல்ல மனத்தோடு சொல்வதுதான். ஆனால் அதில் ஒரு குற்றச்சாட்டு ஒளிந்திருக்கிறது, உனக்கு நம்பிக்கை போதவில்லை என்று. பெரியாழ்வாரை நினைத்துப் பார்க்க வேண்டும். மதுரையில் பாண்டியன் அவரை யானைமேல் ஏற்றி ஊர்வலம் விட்டபோது, ஆகாயத்தில் கருடன்மேல் பெருமாளே வந்து நின்றார். அதைக் கண்டு ஆழ்வார் வரம் கேட்கவில்லை. இத்தனை அழகோடு எல்லோர் கண்ணிலும் படும்படி வந்து நிற்கிறானே, கண்ணேறு பட்டுவிடுமே என்று பயந்து, யானையின் மணியையே தாளமாக எடுத்து அவனுக்குப் பல்லாண்டு பாடினார். உலகத்தைக் காப்பவனுக்கே காப்பிட்டார். அப்படிப் பயந்தவரைத்தான் வைணவர்கள் பெரிய ஆழ்வார் என்று கொண்டாடுகிறார்கள். தெர்மாமீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தாயின் பயமும் அந்த வம்சம்தான். அதை விரட்ட வேண்டாம், அதற்கு ஒரு வேலை கொடுத்தால் போதும். எண்ணச் சொல்லுங்கள், அளக்கச் சொல்லுங்கள், தாளில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். வேலை கிடைத்த பயம் கவனமாக மாறிவிடுகிறது. வேலை இல்லாத பயம்தான் ராத்திரியில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காரும்.

எல்லா வீட்டிலும் எல்லாம் நல்லபடியாக முடிவதில்லை என்பதையும் அறிவேன். அந்த மினசோட்டாத் தகப்பனார் தன் ரத்தத்தையே கொடுத்தார், பதினோராம் நாள் குழந்தையை இழந்தார். அவர் காவலில் என்ன குறை? ஒரு குறையும் இல்லை. பார்த்துக்கொள்வது நம் கையில், ஆறுவது நம் கையில் இல்லை என்பது இனிமையாக முடிந்த வீடுகளில் மட்டும் சொல்லத்தக்க தத்துவம் என்றால் அதில் அர்த்தம் இல்லை. அவர் அந்த மேஜையில் படுத்ததை வீண் என்று யாராவது சொல்ல முடியுமா? அதற்கப்புறம் பிழைத்து வீட்டுக்குப் போன 28 பேரும் அவர் பக்கத்தில் படுத்த தைரியத்தின் வழியாகத்தான் போனார்கள்.

பார்த்துக்கொள்கிறவரைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பதை மட்டும் இந்த வீடுகளில் யாரும் யோசிப்பதில்லை. தம்பி மனைவி நின்றுகொண்டே சாப்பிட்டாள். தலை வாரவில்லை. தூங்கு என்றால், தூங்கினால் ஏதாவது ஆகிவிடும் என்பாள். தாய் விழித்திருப்பதால்தான் குழந்தை மூச்சு விடுகிறது என்று அவளுக்குள் எங்கோ ஒரு எண்ணம் உட்கார்ந்துவிட்டது. எல்லாத் தாய்க்கும் வரும் எண்ணம்தான், அன்பில் கலந்து வருவதால் அகங்காரம் என்று அடையாளம் தெரியாது. நான் சொல்லிப் பார்த்தேன், தம்பி சொல்லிப் பார்த்தான். கேட்கவில்லை. ஒரு ராத்திரி பதினொரு மணிக்கு என் அம்மா தலையணையை எடுத்துக்கொண்டு அந்த அறைக்குள் போனார்.

“நீ போயி அந்த ரூம்ல படும்மா. நான் பாத்துக்கறேன்.”

“மூச்சு எண்ணணும் அத்தே. ஒரு நிமிஷம் முழுசா.”

“எண்ணத் தெரியாதா எனக்கு? லட்சார்ச்சனைக்கு வில்வம் எண்ணி எண்ணிக் கொடுத்தவ நான்.”

“நாப்பதுக்கு மேல போனா என்னை எழுப்புங்க.”

“நாப்பது போனா ஒன்னைய எதுக்கு எழுப்பணும்? நேரா டாக்டருக்கே போன் போடுறேன். நம்பர் செவுத்துல பெரிசா எழுதி வச்சிருக்கல்ல? போ, போயிப் படு.”